குழுத் தலைவர் போட்ட முதல் கையெழுத்து

முதலில் வந்த வேளாண் குழு, வருகைப் பதிவு என்று சொல்லி எங்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியது. நாட்டு நெல் கொள்முதலை நிறுத்த அதுவே எங்கள் சம்மதமானது. இரண்டாவது குழுவும் அப்படியே வாங்கியது. வாழைக்கு இருந்த காப்பீடு போனது. மூன்றாவது குழு, கார் பருவ நெல்லுக்கு இனித் தண்ணீர் விடுவதா என்று கேட்க வந்தது. கார் சாகுபடி இல்லையென்றால் நடவுக்குப் போகும் வெள்ளத்தாய்க்கு நாலு மாதம் வேலை இல்லை.

"முதல்ல கையெழுத்து. போடாதவங்க பேச முடியாது," என்றார் தலைவர் சேஷாசலம்.

வெள்ளத்தாய் எழுந்தாள். "பெரியவங்க நீங்க முன்னால போடுங்கய்யா. உங்களுக்குக் கீழ நாங்க போட்டாத்தான மரியாத?"

மரியாதை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தாளின் நடுவே பட்டம், பதவியோடு பெரிதாகப் போட்டார். அவள் தாளை வாங்கி, அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதத் தொடங்கினாள்.

"என்னம்மா எழுதுற? அது வெறும் வருகைப் பதிவு!"

"எங்க கையெழுத்துக்கு மேலயும் பெறகுதான எழுதுனீங்க?"

கூடியிருந்த விவசாயிகளும் இரண்டு நிருபர்களும் கேட்க, உரக்க வாசித்தாள்:

"கார் சாகுபடிக்குத் தண்ணீர் கட்டாயம் விட வேண்டும். இதற்குச் சம்மதித்தவர்: முனைவர் அ. சேஷாசலம், குழுத் தலைவர்."