மின்னல் மாசியின் மிச்ச நேரம்

"எங்க கிளப்புல என் வேகத்துக்கு ஆளே கிடையாதுங்க. ஆனா தோத்துட்டே இருக்கறேன். ஏனுங்க டீச்சர்?"

கேட்டவர் மாசிலாமணி. ஈரோட்டில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம் போனில் செஸ். அங்கே அவர் பெயர் 'மின்னல் மாசி'. அவரே வைத்துக்கொண்டது.

டீச்சர் பர்வீனுக்கு அவர் வயதில் பாதிதான். பேக்கரி மாடியில் செஸ் வகுப்பு நடத்துகிறார்.

"எப்படி ஆடுவீங்க?"

"எதிராளி யோசிச்சுட்டு இருக்கறப்பவே என் அடுத்த காயைப் போட்டு வெச்சுருவனுங்க. அவர் ஆடுன உடனே அது தானா நகர்ந்துரும். ப்ரீமூவ்னு ஒரு வசதிங்க. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

பர்வீன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சார், காபி..."

"சர்க்கரை கம்மியாங்க."

"...உங்க டி-ஷர்ட்ல கொட்டியிருக்குன்னு சொல்ல வந்தேன்."

மாசிலாமணி குனிந்து பார்த்தார். கீழே பேக்கரியில் ஒரே மடக்கில் குடித்ததன் அடையாளம். துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மனிதர் லேசில் அசைகிறவர் இல்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் ஆன்லைன்ல ஆட்டம். தோத்தா கிளப் டீம்ல இருந்து எடுத்துருவாங்க. இந்த டீம் டி-ஷர்ட்டைப் போட்டுட்டுத்தான் கடையிலயே உக்காந்திருக்கறேன். கழட்டச் சொன்னா என்னால தாங்க முடியாதுங்க."

அந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"போன ஆட்டத்துல தோத்தப்ப உங்க கடிகாரத்துல எவ்வளவு நேரம் மிச்சம் இருந்துச்சு?"

"பாதிக்கு மேலங்க!" மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"அதை வெச்சு அப்புறம் என்ன பண்ணீங்க?"

மாசிலாமணி போனை எடுத்து அந்தப் பழைய ஆட்டத்தைத் தேடினார்.

பர்வீன் காய்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். வகுப்பு முடிந்தது.

சாயங்காலம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாசிலாமணி போனோடு உட்கார்ந்தார்.

ஆட்டம் நன்றாகவே போனது. ஜெயிப்பதில் வழக்கம்போல் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதிராளி அடுத்து ராஜாவைத்தான் ஒதுக்குவார், உடனே ராணியை உள்ளே இறக்க வேண்டியதுதான். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் ராணியின் மேல் போய்விட்டது.

விரலை எடுத்துவிட்டார்.

அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். பந்தியில் இலை போட்டுச் சோறு வராமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

எதிராளி ராஜாவைத் தொடவே இல்லை. ஒரு குதிரையைக் கொண்டுவந்து, ராணி இறங்கவிருந்த கட்டத்துக்குக் காவல் வைத்தார்.

முன்னாலேயே போட்டு வைத்திருந்தால் ராணி வெட்டுப்பட்டிருக்கும்.

மறுநாள் காலை பேக்கரி மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார். டி-ஷர்ட் துவைத்திருந்தது.

"ஜெயிச்சுட்டனுங்க டீச்சர்! டீம்ல இருக்கறேன்!"

"கடிகாரத்துல எவ்வளவு மிச்சம்?"

"ஒரே நொடிங்க." இதையும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"நல்லது சார். காபி..."

மாசிலாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"...குடிக்கறீங்களா?"

"சர்க்கரை கம்மியாங்க."