கல்தொட்டியின் துளை

இத்தாலியில் மலைச்சரிவோடு ஒட்டிக்கிடக்கிறது ஒரு பழைய சந்தை ஊர். சந்தை நடுவே ஒரு கல்தொட்டி. கோதுமையை அதில்தான் அளப்பார்கள். அளந்த தானியம் கீழே இறங்கத் தொட்டியின் அடியில் ஒரு துளை இருக்கும். கொட்டும்போது வாங்குகிறவர் மண்டியிட்டு அதைத் தன் கையால் அடைத்துக்கொள்ள வேண்டும். யார் கை அடைக்கிறதோ, தானியம் அவருக்கே சொந்தம்.

ஒரு பஞ்ச வருஷத்தில் அந்த ஊரை ஆண்ட பிரபு குதிரையில் வந்தார். "தொட்டி நிறைய விதைக்கோதுமை வேண்டும், இப்போதே" என்றார். ஊரில் மிஞ்சியிருந்ததே அவ்வளவுதான்.

சந்தையைப் பெருக்குகிற அசுந்தா மூட்டையை இழுத்துவந்தாள்.

"கொட்டிவிடுகிறேன் ஐயா. துளையில் கையை வையுங்கள்."

"என் வேலைக்காரன் வைப்பான்."

"அப்படியென்றால் கோதுமை அவருக்குப் போய்விடுமே. உங்கள் பாட்டனார் போட்ட சட்டம்தானே, ஐயா?"

அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பிரபுவும் சந்தை வரி வாங்கிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போன வேலைக்காரன் ஆவலாக முன்னே வந்தான். பிரபு அவனை முறைத்தார். தரையில் கிடந்த சேற்றைப் பார்த்தார், கூடி நின்ற ஊரைப் பார்த்தார். பிறகு குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் விதை ஊரின் வயலுக்குப் போனது.

அந்த ஊருக்குப் போகிறவர்கள் தொட்டியின் முன்னால் தரை தேய்ந்து குழிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஊரே மண்டியிட்ட இடம் அது, ஒருவரைத் தவிர.