தளவாய் எழுதிய தண்டனைச் சட்டம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் குன்றமங்கலத்தை மதிசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தங்கமான மனுஷன்தான், ஆனால் பசி வந்துவிட்டால் போச்சு! அந்த வம்சத்திலோ ஒரு விபரீத வழக்கம். வழக்கு விசாரிக்கும் நாளில் தீர்ப்புச் சொல்லி முடிக்கும்வரை ராஜா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சட்டமும் ஒற்றை வரிதான்: "கொடிய குற்றத்துக்குச் சிரச்சேதம்." எது கொடியது? அதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒருநாள் பாகன் இருளாண்டி கண்ணயர்ந்த நேரத்தில் அவனுடைய யானை அரண்மனைப் பந்தலுக்குள் புகுந்தது. ஓர் அண்டா பானகத்தை உறிஞ்சி, படைத்தலைவரான தளவாய் திருவேங்கடர் மேல் பீய்ச்சியடித்தது. பட்டு அங்கவஸ்திரமெல்லாம் பிசுபிசு! சபையே சிரித்தது. அதிலும் மந்திரி பூதலிங்கம் சிரித்ததுதான் தளவாய்க்குப் பொறுக்கவில்லை. மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல்.

விசாரணை நாள் வந்தது. "இது கொடிய குற்றம், மகாராஜா!" என்று குதித்தார் தளவாய்.

ராஜாவின் வயிறு கடமுடவென்றது. "ஆமாம், கொடியதுதான்! பொழுது சாய்வதற்குள் பாகன் தலையை வாங்குங்கள்!"

பூதலிங்கம் முன்னால் வந்தார். "எதை வைத்துக் கொடியது என்கிறோம், மகாராஜா?"

"மகாராஜாவின் மனசுக்குத் தெரியாதா? கேட்க நீர் யார்?" என்று பாய்ந்தார் தளவாய்.

பாவம், கட்டுண்டிருந்த இருளாண்டி அழக்கூட மறந்து நின்றான். அவனைப் பார்க்கப் பார்க்க மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பசித்த ராஜாவிடம் பேசி என்ன பிரயோசனம்? வாயை மூடிக்கொண்டார்.

மத்தியானம் மூன்று கிண்ணம் பாயசத்தை முடித்து ராஜா ஏப்பம் விட்டபோது, மந்திரி பேச்சுவாக்கில் ஆரம்பித்தார். "தூரதேசத்தில் ஒரு கூத்து, மகாராஜா. ஓர் ஒட்டகம் சர்பத்தைக் குடித்து ஒரு பெரிய மனுஷர் முகத்தில் துப்பிவிட்டதாம். ஒட்டகக்காரன் தலையை எடுக்கச் சொல்லிவிட்டானாம் அந்த ஊர் ராஜா!"

மதிசேகரன் புரையேறச் சிரித்தான். "ஒட்டகம் துப்பினதுக்கு மனுஷன் தலையா? அவனெல்லாம் ஒரு ராஜாவா?"

எஜமான் சிரித்தால் பக்கத்திலிருந்த தளவாய் சும்மா இருப்பாரா? "அடிமுட்டாள், மகாராஜா! மண்டை நிறையக் களிமண்!"

மந்திரி எழுந்து கும்பிட்டார். "ஒட்டகத்தை யானை என்று வைத்துக்கொள்ளுங்கள், மகாராஜா. ஊர் பெயர் குன்றமங்கலம்."

ராஜாவின் முகம் தொங்கிவிட்டது. பிறகு மெதுவாகத் திரும்பினான். "ஓய் தளவாய், என்னையா அடிமுட்டாள் என்றீர்? இது கொடிய குற்றமா, இல்லையா?"

"அது மகாராஜாவின் மனசுக்குத்தான் தெரியும்" என்றார் மந்திரி, ஒன்றும் அறியாதவர் மாதிரி.

தளவாய் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயையோ, மனசு வேண்டாம் மகாராஜா! எது கொடியதென்று எழுதி வைத்துவிடுங்கள்!"

அப்போதே இருளாண்டியை அவிழ்த்துவிட்டார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். இனிமேல் சாப்பிட்ட பிறகுதான் தீர்ப்பு என்றும் சொன்னான். சட்டம் எழுதும் வேலையைத் தளவாய் தலையிலேயே கட்டினான்.

எழுத்தாணியைப் பிடித்தார் தளவாய். "வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொன்றவனைத் தவிர எவனுக்கும் சிரச்சேதம் இல்லை" என்று முதல் வரி எழுதினார். ஓரக்கண்ணால் ராஜாவைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டாவது வரியையும் சேர்த்தார்: "வாய் தவறிப் பேசியவனுக்கு நிச்சயமாக இல்லை."