இழவு வீட்டுக்கு ஒரு முகம்

அந்தக் காலத்துச் சீனத்தில், ஜியான்காங் நகரத்தில் அழகன் என்று பேர் வாங்க வேண்டுமானால் மூக்கும் முழியுமாக இருந்தால் மட்டும் போதாது. எது நடந்தாலும் முகம் அசையக் கூடாது. சூன்யம்தான் எல்லாவற்றுக்கும் வேர், ஞானிக்கு இன்பமும் இல்லை துன்பமும் இல்லை என்று பண்டிதர்கள் பேசிப் பேசி, கடைசியில் அழாத முகமே அழகு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நல்ல கூத்துதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பதவியும் கொடுத்தார்கள்.

பான் மிங் என்பவர் அங்கே ஒரு வாத சபையில் பேசிக்கொண்டிருந்தார். ஞானிக்குத் துக்கம் உண்டா என்பது வாதம். இல்லை என்பது அவர் கட்சி. நடுவில் வேலைக்காரன் வந்து காதோடு சொன்னான்: ஆற்றில் படகு கவிழ்ந்து அவருடைய தம்பி இறந்துவிட்டான்.

பான் மிங் தலையசைத்தார். விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்ந்தார். ஜெயித்தும் விட்டார்.

விஷயம் தெரிந்ததும் சபை எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆட்களைத் தரம் பிரித்துப் பதவிக்கு எழுதும் அதிகாரியும் அங்கே இருந்தார்.

“என்ன அழகு!” என்றார் அவர். “நாளை சாவுக்கும் வருகிறேன். அங்கேயும் இந்த முகம் மாறாமல் இருந்தால் உங்களுக்கு முதல் தரம்.”

மறுநாள் காலையில் பான் மிங் தன் குரு ஷென் க்வாங்கிடம் ஓடினார். குரு அவரைவிட இரண்டு வயது சின்னவர். முன்பு ஒரே மகன் செத்தபோது சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவர் என்று ஊரே கொண்டாடிய மனிதர். சீடர்கள் சேர்ந்ததே அதனால்தான்.

“குருவே, நேற்று சமாளித்துவிட்டேன். இன்று அவன் உடம்பைப் பார்த்தால் உடைந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மகன் போன அன்று நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?”

“தம்பி எப்படிப்பட்டவர்?” என்று கேட்டார் குரு.

“தத்துவம் ஒன்றும் தெரியாது. நான் வாதத்துக்குக் கிளம்பினால் தெருமுனை வரை கூடவே வருவான். ‘ஜெயிச்சுட்டு வாங்கண்ணா’ என்பான். எதைப் பற்றிய வாதம் என்றுகூடக் கேட்டதில்லை.”

அந்த ஊர் ஆண்கள் வழக்கப்படி அவர் முகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பொடி கண்ணோரத்தில் நனைந்தது.

“பார்த்தீர்களா? அங்கே இப்படி ஆகக் கூடாது. வழி சொல்லுங்கள்.”

“நான் தாங்கினேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?”

“ஊரே சொல்கிறதே.”

“ஊர் தள்ளி நின்று பார்த்தது. அழகு, அழகு என்றது. ஒருவர்கூடப் பக்கத்தில் வந்து என் கையைப் பிடிக்கவில்லை.”

பான் மிங் தயங்கினார். “உங்கள் மனைவி?”

“அழுதுகொண்டே என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அன்று சாயங்காலம் தாய் வீட்டுக்குப் போனவள்தான். இன்னும் வரவில்லை.”

“எனக்குப் பதவி வேண்டும், குருவே” என்றார் பான் மிங். “ஆசைக்காக இல்லை. தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு இனி நான்தான் சோறு போட வேண்டும்.”

“பதவி இல்லாவிட்டால் கஞ்சியாவது ஊற்றுவீர்கள்” என்றார் குரு. “இன்று நீங்கள் தம்பி வீட்டு வாசலில் கால் வைத்ததும் அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். அதில் பெரியப்பா இருக்கிறாரா என்று தேடும்.”