எண்ணெய்க் கிடங்கில் ஒரு வாதம்

ரோமப் பேரரசர்கள் சிலுவையை ஏற்றுக்கொண்டு நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பழைய கோயில்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். பூட்டியும் ஆத்திரம் தீராதவர்கள் இடித்தார்கள்.

கிழக்குக் கடலோரத்தில் ஒரு துறைமுக நகரம். அங்கே நிகாண்டர் என்ற தத்துவ ஆசிரியர் தம் வீட்டிலேயே பள்ளி நடத்திவந்தார். பழைய தெய்வங்களை விடாதவர்களில் மிச்சமிருந்த சிலர் அவரிடம் படித்தார்கள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனை மறுக்க வேண்டுமென்றால் முதலில் அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவனுடைய வாதத்தை அவனாகவே இருந்து, 'நான்' என்று சொல்லிப் பேச வேண்டும். "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்க வாய் திறக்கலாம். இதனால் அங்கே ஒரு வாதம் முடிவதற்குள் ரொட்டி காய்ந்து கட்டையாகிவிடும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மாணவர்களில் லைகானை இதில் மிஞ்ச ஆளில்லை. நாற்பதைத் தாண்டியவன். முன்பு வழக்கறிஞனாக இருந்தவன். எதிராளியே மறந்துபோன நியாயத்தைக்கூட அவனுக்கு எடுத்துக்கொடுப்பான். அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும்.

கிரியாகோஸ் அங்கே படித்த ஒரே கிறிஸ்தவன். அவனுடைய அண்ணன் ஒனேசிம், அந்நகரக் கிறிஸ்தவர்களின் தலைவரான ஆயருக்கு வலது கை போன்றவன். "இவனை ஏன் சேர்த்தீர்கள்?" என்று லைகான் கேட்டபோது, "எதிர்ப்பக்கம் பேச ஒரு ஆள் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டார் நிகாண்டர்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் பொதுக் குளியல் கூடத்திலிருந்து திரும்பியபோது வாசலில் லைகான் நின்றுகொண்டிருந்தான். கையில் எழுதுபலகை. அதன் மூலையில் ரத்தம்.

"கடலன்னை இந்த வீட்டில் இருப்பது ஆயருக்குத் தெரிந்துவிட்டது, ஐயா."

கடலன்னை கப்பற்காரர்கள் கும்பிட்ட தெய்வம். அவள் கோயிலை இடித்தபோது நிகாண்டர் சிலையைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, கொல்லையில் அத்திமரத்தடியில் புதைத்திருந்தார். காலையில் அந்த மண்ணில் கொஞ்சம் பால் ஊற்றுவார். சிலை வீட்டில் இருப்பது மாணவர்களுக்குத் தெரியும். எங்கே என்பது லைகானுக்கு மட்டும் தெரியும்.

"யார் சொன்னது?" என்றார் நிகாண்டர்.

"கிரியாகோஸ். கேட்டேன். மறைக்காமல் ஒப்புக்கொண்டான். எண்ணெய்க் கிடங்கில் கட்டிப்போட்டிருக்கிறேன். நாம் ஒரு கிறிஸ்தவனைக் கொல்கிறோம் என்று எவனோ வெளியே சொல்லிவிட்டான். துறைமுகத்திலிருந்து கூட்டம் கிளம்பி வருகிறது." லைகானுக்கு மூச்சு வாங்கியது. "ஐயா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். காட்டிக்கொடுத்தவனை என்ன செய்ய வேண்டும்?"

"அவன் வாதத்தை நீ சொல்லிவிட்டாயா?"

"வாதமா? காட்டிக்கொடுத்தவனுக்கு என்ன வாதம் இருக்கிறது?"

"அப்படியானால் நீ இன்னும் மறுக்கவே ஆரம்பிக்கவில்லை," என்றார் நிகாண்டர். "அதற்குள் அடித்து முடித்துவிட்டாய்."

அவர் கிடங்குக்கு நடந்தார். லைகானுக்கு வேறு வழியில்லை, பின்னால் போனான்.

ஜாடிகளுக்கு நடுவே கிரியாகோஸ் தரையில் கிடந்தான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. நெற்றி பிளந்து ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. நிகாண்டர் அவனைத் தூக்கி உட்காரவைத்தார்.

"பக்கத்தில் உட்கார்," என்றார் லைகானிடம்.

"இப்போதா? கூட்டம் தெருமுனைக்கு வந்துவிட்டது, ஐயா!"

"உட்கார்."

லைகான் உட்கார்ந்தான். எண்ணெய் அவன் அங்கியில் ஊறியது. வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தான்.

"நான் கிரியாகோஸ். எனக்குத் தேவாலயத்தில் ஒரு பதவி வேண்டும். ஆயர் தருவதாகச் சொன்னார். அதனால் சொன்னேன்."

"இல்லை," என்றான் கிரியாகோஸ்.

வெளியே சத்தம் கேட்டது. யாரோ தேவாலயத்துச் சங்கீதம் பாடினார்கள். பாட்டுக்கு நடுவே கெட்ட வார்த்தையும் வந்தது.

"நான் கிரியாகோஸ். எனக்கு இந்தச் சிலையைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. இவர்களுடைய பேய்கள் ஒழிய வேண்டும்."

"இல்லை. அந்தச் சிலையை நான் பார்த்ததுகூட இல்லை."

ஒரு கல் வந்து ஜன்னல் பலகையில் விழுந்தது. இன்னொன்று ஒரு ஜாடியை உடைத்தது. எண்ணெய் தரையில் ஓடி வந்தது. ஒரு தீப்பந்தம் உள்ளே விழுந்தால் மூன்று பேரும் சாம்பல்தான். லைகான் கத்தினான்.

"ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலை! இந்த நிமிஷமே அவிழ்த்துவிடுகிறேன். உன் ஆட்களிடம் ஓடிப்போ!"

கிரியாகோஸ் அவனைப் பார்த்தான். ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது.

"நீ சொன்னது நான் இல்லையே," என்றான்.

லைகான் அவனுடைய பிளந்த நெற்றியைப் பார்த்தான். போன மழைக்காலத்தில் நிகாண்டர் காய்ச்சலில் படுத்திருந்தபோது இந்தக் கிரியாகோஸ்தான் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தான். சாவைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். அது இப்போது லைகானின் நினைவுக்கு வந்தது.

"நான் கிரியாகோஸ்," என்றான் மெதுவாக. "எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். என் அப்பாவைவிடப் பிடிக்கும். இவர் செத்தால் அணையாத நெருப்புக்குப் போவார் என்று என் ஆட்கள் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இவர் பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன். அதனால் சொன்னேன்."

கிரியாகோஸ் அழுதான்.

"ஆமாம்," என்றான். "நான் சொல்ல வந்தது இதுதான்."

"இனி நீ மறுக்கலாம்," என்றார் நிகாண்டர்.

லைகான் கட்டை அவிழ்க்கப் போனான். முடிச்சு லேசில் அவிழவில்லை. தான் போட்ட முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

தெருக்கதவு அதிர்ந்தது.

"என் தம்பியை வெளியே விடு!" அது ஒனேசிமின் குரல்.

"நெற்றியைப் பார்த்தால் வீட்டைக் கொளுத்திவிடுவார்கள்," என்றான் லைகான்.

"எண்ணெயில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஐயா," என்றான் கிரியாகோஸ்.

"விழுந்தாயா?" என்று கேட்டார் நிகாண்டர்.

"இல்லை."

நிகாண்டர் லைகான் பக்கம் திரும்பினார். லைகான் கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

கையில் கோடரியுடன் ஒனேசிம் நின்றான். அவன் பின்னால் தெரு நிறையத் தலைகள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"யார் செய்தது?"

"நான்," என்றான் லைகான்.

கோடரி உயர்ந்தது. கிரியாகோஸ் நடுவில் புகுந்து அண்ணனின் கையைப் பிடித்துத் தொங்கினான். "வேண்டாம் அண்ணா, வேண்டாம்!" கூட்டம் அவனையும் சேர்த்து நெருக்கியது. யாரோ லைகானின் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள்.

ஒனேசிம் மூச்சிரைக்க நிகாண்டரைப் பார்த்தான்.

"ஐயா, பெரியவரே, நான் வெறுங்கையோடு திரும்ப முடியாது. இவர்கள் என்னை விடமாட்டார்கள். கடலன்னையைக் கொடுங்கள். இல்லையென்றால் என் தம்பியை அடித்த இவனைக் கொடுங்கள்."

லைகான் தரையில் கிடந்தபடியே தலையாட்டினான். சொல்லாதீர்கள் என்று அர்த்தம். வீட்டை இடித்தாலும் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"கொல்லையில் அத்திமரத்தடியில்," என்றார் நிகாண்டர். "ஆழமில்லை. ஒரு முழம் தோண்டினால் போதும்."

தோண்டி எடுத்தார்கள். சாக்கைக் கிழித்தார்கள். முதலில் முகத்தை உடைத்தார்கள், பிறகு மற்றதை. நிகாண்டர் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார். ஒனேசிம் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான். கூட்டமும் பாடிக்கொண்டே போய்விட்டது.

கொல்லை முழுக்க வெள்ளைப் பளிங்குத் துண்டுகள் கிடந்தன. லைகான் மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினான். எந்தத் துண்டு எதைச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

"எனக்காக அவளைக் கொடுத்துவிட்டீர்கள்," என்றான்.

"ஆமாம்." நிகாண்டரின் கன்னம் நனைந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "உன்னைவிட அவளை எனக்கு ரொம்பக் காலமாகத் தெரியும். மனசு ஆறவில்லை."

லைகானுக்கு மறுபடியும் கோபம் பொங்கியது. இந்த முறை யார்மேல் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"நாம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய நியாயத்தைத் தேடுகிறோம், ஐயா. அவர்களில் ஒருவனாவது நம் பக்கம் வந்து உட்கார்ந்தானா? நீங்கள் ஏன் பால் ஊற்றினீர்கள் என்று ஒருவனாவது கேட்டானா? இப்படிப்பட்டவர்களிடம் நம் வழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

நிகாண்டர் குனிந்து அவனருகே தரையில் உட்கார்ந்தார்.

"கைகள் கட்டிக் கிடந்தபோது கிரியாகோஸும் உன்னைப் பற்றி இதையே நினைத்திருக்கலாம்," என்றார். "பொய்யாக ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். கல் விழுந்தது, எண்ணெய் ஓடியது. நீ சரியாகச் சொல்லும்வரை அவன் காத்திருந்தான், லைகான்."