புலவர் மீன்களைக் காத்தது

குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு அறுபத்தாறு. ஞானம் வயது பார்த்து வருவதில்லை. கணினி ஞானமோ, வயதைப் பார்த்தால் ஓடியே விடும்.

குரு ஜெசிந்தா தூத்துக்குடியில் கணினி பழுது பார்ப்பவர். சீடர் புலவர் ஆறுமுகநயினார், பதினோரு ஆண்டுகளாக மீன் பெயர்களுக்கு ஓர் அகராதி தொகுத்து வருபவர். அதைத் தட்டச்சிட்ட பழைய எழுத்துரு அவருடைய பழைய கணினியில் மட்டுமே வாய் திறக்கும்.

ஒரு நாள் அந்தக் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், இனிமே கம்பெனி பாதுகாப்பு கிடையாதுன்னு திரையில வந்துட்டு. என் மீனெல்லாம் என்னாகும்?"

"இதுல என்னவெல்லாம் செய்றீங்க, ஐயா?"

"அகராதி. மின்னஞ்சல். ரயில் டிக்கெட். இலவசமா ஒரு ஜாதகம்."

அவர் பையிலிருந்த இணையக் கம்பியை எடுத்து ஜெசிந்தா தன் மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

"இனி இதுல அகராதி மட்டும்."

"ஜாதகம்?"

"கணினியோட ஜாதகத்தை இப்பதான் பாத்தேன். தப்பிச்சுக்கும்."

பிறகு அகராதியை இரண்டு வட்டுகளில் நகலெடுத்தார். "ஒண்ணு உங்க வீட்ல. இன்னொண்ணு உங்க மச்சான் வீட்ல."

"மச்சானோட பேச்சுவார்த்தை கிடையாது."

"வட்டும் பேசாது. கொண்டுபோய்க் கொடுங்க."

ஒரு மாதம் கழித்துப் புலவர் அல்வாவோடு வந்தார். வௌவால் மீனோடு அகராதி முடிந்திருந்தது. தமிழ் நெடுங்கணக்கில் அதற்கப்பால் மீன் நீந்த இடமில்லை.

"கணினிக்குச் சந்தனம் வச்சு, எலுமிச்சையும் மிளகாயும் கட்டிட்டேன். இணையமும் இல்ல, கண்ணேறும் இல்ல. இனி எதுவும் உள்ள வராது."

"அச்சகத்துக்கு எப்படிக் கொண்டுபோவீங்க?"

புலவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "ஜெராக்ஸ் கடை பாஸ்கர் கொடுத்தான். தங்கமான பய. தெருவுக்கே இதைத்தான் கொடுப்பான். வீட்டுக்குப் போனதும் செருகணும்."

ஜெசிந்தா அதை வாங்கி, பரிசோதனைக்கென்று மூலையில் வைத்திருந்த கணினியில் செருகினார். யாருடைய ரேஷன் அட்டையோ வந்தது. யாருடைய கல்யாணப் பத்திரிகையோ வந்தது. அடுத்துப் பதினேழு வைரஸ்களின் பெயர்கள் வரிசையாக வந்தன.

புலவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தார்.

"இதுக்கும் ஒரு அகராதி போடலாம் போலிருக்கே" என்றார்.

ஜெசிந்தா புத்தம்புதிய குறுந்தகடு ஒன்றைக் கொடுத்தார். "பக்கங்களைப் படமா மாத்தி இதுல பதிஞ்சு அச்சகத்துல கொடுங்க. தகட்டைத் திரும்ப வாங்காதீங்க."

புலவர் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

"கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான். இனி இதை யார் டீச்சர் பாத்துக்குவா?"

"இதுவரைக்கும் கம்பெனியில முகம் தெரியாத ஒருத்தர் உங்களுக்காகப் பயந்துகிட்டிருந்தார், ஐயா. இனி நீங்களே பயப்படணும்."

"எவ்வளவு பயப்படணும்?"

ஜெசிந்தா சிரித்தார்.

"கொடுக்கிற ஆள் எவ்வளவு நல்லவரோ, அவ்வளவு."