மீதி நாற்பத்தொன்பது அடி

இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பவில்லை. சொன்னவர் இதில் தோற்றுப்போன முதலாளி நல்லபெருமாளேதான். தன் தோல்வியை யாராவது பெருமையாகச் சொல்வார்களா?

ஏரியோர மனையில் ஐந்து மாடி கட்டி வீடு வீடாக விற்க அவர் திட்டமிட்டிருந்தார். மண் சோதனைக்கு வந்த ஞானமுத்து, அடியை எண்ணிச் சொல்லும் கூலியாள். துளைக்குள் கம்பியை நிறுத்தி, அதன் தலையில் இரும்புக் குண்டைத் தூக்கிப் போடுவார்கள். கம்பி இறங்க எவ்வளவு அதிகம் அடி தேவையோ, மண் அவ்வளவு கெட்டி.

"ஐம்பது அடின்னு சொல்லுய்யா. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது."

"சொல்றது என்னங்க முதலாளி, வீடு வாங்கறவங்க முன்னாடியே ஐம்பதும் அடிச்சுக் காட்டறேன்" என்றார் ஞானமுத்து.

முதலாளிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாங்க வந்தவர்களை எல்லாம் கூட்டிவந்து நிறுத்தினார். குண்டு ஒருமுறை விழுந்தது. கம்பி முழுவதும் சேற்றுக்குள் போக, குண்டு துளையின் வாயில் உட்கார்ந்துவிட்டது.

"முதலாளி, இன்னும் நாற்பத்தொன்பது அடி பாக்கி இருக்கு. எதுமேல அடிக்கட்டும்?"

கூட்டம் சிரித்தது. முதலாளி பாறைவரை தூண் இறக்கிய பிறகுதான் அவர்கள் வீடு வாங்கினார்கள். இன்றுவரை அந்தக் கட்டடத்தில் ஒரு விரிசல் இல்லை.

போன மாதம் நல்லபெருமாளிடமே கேட்டுவிட்டேன்: "நீங்க சொந்த வீடு கட்டினப்போ, மண்ணு பார்க்க யாரைக் கூப்பிட்டீங்க?"

"வேற யாரை? அந்த ஞானமுத்துவைத்தான்" என்றார்.